மஞ்சள் நம்பர்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். அவசர உதவி அறையில் பதினோரு வருஷம் போன் எடுத்தவள் அப்படி நம்பிக்கொண்டிருந்தால் ஊர் உருப்படுமா? எங்களுக்கு வருகிற அழைப்பில் பாதிக்கு மேல் பொய். "ரீசார்ஜ் தீர்ந்துபோச்சு, உங்க நம்பருக்கு மட்டும்தான் போகுது, எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று ஒருத்தி. "சாப்டீங்களா மேடம்?" என்று தினமும் பதினொன்றரைக்கு ஒருத்தன். கால் எலும்பு முறிந்துவிட்டது என்று ஆம்புலன்ஸை வரவழைத்து, பஸ் நிலையம் வந்ததும் "இங்கயே நிறுத்துங்க, வலி போயிடுச்சு" என்று பெட்டியோடு இறங்கிப் போன புண்ணியவானும் உண்டு.

அதனால் அறையில் எனக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். என் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? "மழை வரும்போல இருக்கு" என்று என் வீட்டுக்காரர் சொன்னால்கூட, "யார் சொன்னா?" என்று கேட்கிறேனாம். கேட்பேன்தான். அதில் என்ன தப்பு?

எங்கள் அறையில் எட்டு மேசை. என்னுடையது நாலாவது. காதில் மைக் வைத்த ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர் திரை. அழைப்பு வந்தவுடன் அந்த நம்பரும், அது முன்பு எப்போதெல்லாம் கூப்பிட்டது, நாங்கள் என்ன செய்தோம் என்ற குறிப்பும் திரையில் வந்துவிடும். நகரம் முழுக்க வண்டி ஆறுதான். ஆறு வண்டியை வைத்துக்கொண்டு அத்தனை லட்சம் பேருக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்றால், சந்தேகம்தான் எங்களுக்குச் சோறு போடுகிற தொழில்.

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், "மாடியிலேருந்து விழுந்துட்டார், ஐயோ சீக்கிரம்" என்று ஒருத்தன் கத்தினான். நம்பி வண்டியை அனுப்பினேன். அங்கே போனால் நாலு பேர் நின்று கைதட்டிச் சிரித்தார்களாம். அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு தச்சர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னிடம்தான் பேசினாள். வேறு வண்டி போய்ச் சேர இருபத்தாறு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அம்மா கடைசிவரை போனை வைக்கவில்லை. "வண்டி வந்துடுச்சாம்மா? வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் நானே உட்கார்ந்து ஏழு கேள்வி எழுதினேன். ஒரு நம்பரிலிருந்து மூன்று முறை வெட்டி அழைப்பு வந்தால் அது மஞ்சள். திரையில் அதன் மேல் மஞ்சள் பட்டை விழும். மஞ்சள் நம்பர்காரர்கள் ஏழு கேள்விக்கும் பதில் சொன்னால்தான் வண்டி. அடிபட்டவர் உங்களுக்கு என்ன உறவு, பக்கத்தில் என்ன அடையாளம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன என்று போகும். பொய் சொல்கிறவன் மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். மேலதிகாரி அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். 'தயாரிப்பு: மேசை எண் நான்கு' என்று கீழே போட்டிருக்கும். எனக்கு அதில் பெருமை உண்டு.

பேசாமல் வைக்கிற அழைப்புகள் தனி ரகம். ஒரு நாளைக்கு நாற்பது வரும். "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். மறுமுனையில் டி.வி. ஓடும், நாய் குரைக்கும், பிறகு துண்டிக்கப்படும். அதற்கும் விதி உண்டு. நாங்கள் திரும்பக் கூப்பிட வேண்டும். யாராவது எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் 'குழந்தை விளையாட்டு' என்று எழுதி முடித்துவிடலாம். பெரும்பாலும் நிஜமாகவே குழந்தைகள்தான்.

அன்றைக்குப் புதன்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு அப்படி ஒன்று வந்தது. ஒன்பது விநாடி. குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. மூச்சு மிக அருகில் கேட்டது. தூரத்தில் பூட்டில் சாவி போடுகிற சத்தம் கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. திரையில் மஞ்சள் பட்டை. வந்துட்டாங்கப்பா என்று சலித்துக்கொண்டே திரும்பக் கூப்பிட்டேன். ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ" என்றேன்.

"மன்னிக்கணும் மேடம், ரொம்ப மன்னிக்கணும். பையன் போனை எடுத்து விளையாடிட்டான். உங்க நேரத்தை வீணாக்கிட்டோம்" என்றது ஓர் ஆண்குரல். படித்த குரல், பதற்றமே இல்லை.

"பரவாயில்ல சார். போனைக் கொஞ்சம் எட்டாத இடத்துல வைங்க."

"கண்டிப்பா மேடம். நீங்க செய்யறது எவ்வளவு பெரிய சேவை! உங்களைப் போய்த் தொந்தரவு பண்ணிட்டோமே."

எங்களிடம் மரியாதையாகப் பேசுகிறவர்கள் அபூர்வம். வண்டி தாமதமானால் பெற்ற தாயையும் சேர்த்துத் திட்டுவார்கள். அதனால் இப்படி ஒருவர் பேசினால் நெஞ்சு குளிர்ந்துபோகும். எனக்கும் குளிர்ந்தது. 'குழந்தை விளை' வரைக்கும் தட்டச்சு செய்தேன்.

அங்கே என் விரல் நின்றது. நான் சொன்னது 'ஹலோ' மட்டும்தானே? நாங்கள் திரும்பக் கூப்பிடும்போது அவர்கள் போனில் விழுவது ஏதோ ஒரு நீளமான நம்பர். எல்லோரும் முதலில் "யாருங்க?" என்பார்கள். பாதிப் பேர் "லோன் வேண்டாம், வை போனை" என்று எரிந்து விழுவார்கள். இந்த மனுஷன் வெறும் ஹலோவுக்கு மன்னிப்புக் கேட்கிறான். எங்கள் நம்பர் அவனுக்கு அவ்வளவு பழக்கமா?

பழைய குறிப்புகளைத் திறந்தேன். மூன்று இருந்தன. மூன்றுக்கும் கீழே 'மேசை 4' என்று இருந்தது. நானேதான். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேருடன் பேசுகிறவளுக்கு எது ஞாபகம் இருக்கும்? ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன்.

முதலாவது எட்டு மாதத்துக்கு முந்தையது. ஒரு பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு வீட்டு நம்பர், மாடி, தெரு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறாள். உடனே துண்டிப்பு. நான் வண்டி அனுப்பியிருக்கிறேன். கூடவே திரும்பவும் கூப்பிட்டிருக்கிறேன். "பாப்பா பட்டனை முழுங்கிட்டாளோன்னு என் மனைவி பயந்துட்டா மேடம். இப்ப வெளியே வந்துடுச்சு. மன்னிக்கணும்" என்கிறான் அதே ஆள். வண்டி வாசலோடு திரும்பிவிட்டது. வண்டிக்காரர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அனுப்பினானாம், அதுவும் குறிப்பில் இருந்தது. இரண்டாவது ஐந்து மாதத்துக்கு முன், பேசாமல் வைத்தது. "பாப்பா விளையாடிட்டா மேடம்." மூன்றாவது இரண்டு மாதத்துக்கு முன், அதுவும் பேசாமல் வைத்தது. "பாப்பாதான் மேடம், வாலு." அதற்கு நான் சிரிக்கிறேன். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு சார், இப்படித்தான்" என்று குழைகிறேன். ஊரில் ஒருத்தரிடமும் குழையாத நான்!

இன்றைக்குப் பையன். அப்போதெல்லாம் பாப்பா.

பக்கத்து மேசைக்காரனைத் தட்டினேன். அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறோம். எதையும் அவசரப்படாமல், ஒரு எழுத்து விடாமல் செய்வான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூன்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"ரெண்டு குழந்தை இருக்கும்க்கா" என்றான்.

"எனக்கு என்னமோ ஒரு குழந்தைகூட இல்லைன்னு படுது."

"உங்களுக்கு எதுதான்க்கா படல?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

போலீஸுக்கு இணைப்புக் கொடுத்து, அந்த வீட்டில் ஒரு பெண்ணை அடிக்கிறார்கள் போலிருக்கிறது என்றேன். அடிக்கிறதைப் பார்த்தவர்கள் உண்டா, புகார் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். சந்தேகம் என்றேன். "ரோந்து வண்டி வெளியே போயிருக்கு. வந்ததும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரச் சொல்றோம்" என்றார்கள். எப்போது வரும் என்று நான் கேட்பதற்குள் இணைப்பை வைத்துவிட்டார்கள்.

கண்ணாடி அறைக்குள் இருந்த மேலதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனுஷன்தான், ஆனால் விதியைத் தவிர வேறு எதையும் திறந்து பார்க்க மாட்டார்.

"சார், ஒரு மஞ்சள் நம்பருக்கு வண்டி அனுப்பணும்."

"ஏழு கேள்வியும் கேட்டீங்களாம்மா?"

"கூப்பிட்டவங்க வாயே திறக்கல சார். திரும்பக் கூப்பிட்டா ஒரு ஆளு பேசறான். முன்னாடி பொண்ணுன்னான், இப்ப பையன்ங்கறான்."

"எனக்கு மூணு இருக்கு. மூணும் போனை எடுத்து நோண்டும்."

"சார், அந்த வீட்டுல ஒரு பொம்பளை மாட்டிக்கிட்டிருக்கா. எனக்குத் தெரியுது. ஒவ்வொரு நிமிஷமும் போகுது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பகுதிக்கு இப்ப ஒரே வண்டிதான் சும்மா நிக்குது. அதையும் அனுப்பிட்டு, நிஜமாவே ஒருத்தர் மாரைப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டா நான் என்ன பண்றது? புலி வருது கதை எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானேம்மா? அது உங்க ரூல்."

தச்சரின் மனைவி குரல் காதில் கேட்டது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளி வராந்தாவுக்கு வந்தேன். தண்ணீர் பில்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, என் சொந்தப் போனை எடுத்தேன். எத்தனை பொய்யர்களை நான் கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறேன்! "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா" என்று கேட்டிருக்கிறேன். இப்போது நானே எங்கள் நம்பரை அழுத்தினேன். எந்த மேசைக்குப் போகும் என்று தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆமையின் தலை நிமிர்ந்தது.

"அவசர உதவி. சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

குரலை மாற்றிக்கொண்டு, "மார்வலிங்க. மூச்சு விட முடியல. சீக்கிரம் வாங்க" என்றேன். அந்தப் பெண் எட்டு மாதத்துக்கு முன் சொன்ன முகவரியை அப்படியே ஒப்பித்தேன்.

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் என்னைப் பார்த்துவிடுவான்.

"நோயாளி உங்களுக்கு என்ன உறவுங்க?" என்றான். அடப்பாவி, ஏழு கேள்வியையும் கேட்கப் போகிறான்.

"தங்கச்சி."

"வயசு?"

"முப்பது... முப்பத்தொண்ணு."

"வீட்டுக்குப் பக்கத்துல அடையாளம் ஏதாவது சொல்லுங்க."

எனக்கு என்ன தெரியும்? அந்தத் தெருவை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். நான் வெட்டிய குழிதான். "தெரியலப்பா" என்றேன், என் சொந்தக் குரலிலேயே.

அவன் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல் தட்டினான்.

"இந்த நம்பர்லேருந்து இதுவரைக்கும் ஒரு வெட்டி அழைப்புகூட வந்ததில்லைங்க" என்றான். "வண்டி கிளம்பிடுச்சு."

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. திரையில் வண்டியின் புள்ளி நகர்ந்தது. மணி பதினொன்று மூன்று. போய்ச் சேரப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் மணி அடிக்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன். ஆறாவது நிமிஷத்தில் நான் பயந்தது நடந்தது. அதே பகுதியிலிருந்து ஒரு கடைக்காரர், கிழவர் ஒருவர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்துவிட்டார், காலை அசைக்க முடியவில்லை என்று பேசினார். நிஜமான குரல். தூரத்து வண்டியைத்தான் அனுப்ப முடிந்தது. "இருபது நிமிஷம் ஆகுங்க" என்றேன். "பக்கத்துலயே வண்டி நிக்கும்னு சொல்வாங்களேம்மா?" என்று அவர் கேட்டார். "வேற அவசரத்துக்குப் போயிருக்குங்க" என்றேன். வேறு அவசரம் இல்லாமல் போனால் இந்தக் கிழவருக்கு யார் பதில் சொல்வது? என் சந்தேகம் பொய்யாகப் போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டினால் ஒருத்தி அடிபட்டுக் கிடக்க வேண்டும் என்று வேண்டியதாகத்தானே ஆகும்? என்ன ஜென்மமடா இது என்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

பதினொன்று பதிமூன்றுக்கு வண்டி ஓட்டுநர் கூப்பிட்டார். இணைப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, வெட்டிக் கால். வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தாரு. யாருக்கும் மார்வலி இல்லையாம். தங்கமான மனுஷன், உள்ளே வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னாரு... இல்ல, தண்ணியை இங்க கொண்டாந்து தரேன்னாரு. திரும்பட்டுமா?"

"திரும்பாதே. அந்தப் பையனைக் காட்டச் சொல்லு."

"எந்தப் பையன்க்கா?"

"பத்து நாப்பதுக்குப் போனை எடுத்து எங்களைக் கூப்பிட்ட பையன். குழந்தையைப் பார்க்காம வண்டி திரும்பக் கூடாதுன்னு புது ரூல்னு சொல்லு."

அப்படி ஒரு விதியும் இல்லை. அன்றைக்கு வாயைத் திறந்தாலே பொய்தான் வந்தது. ஓட்டுநர் கேட்பதும், அந்தக் குரல் நிதானமாகப் பதில் சொல்வதும் காதில் விழுந்தன.

"ஸ்கூலுக்குப் போயிருக்கானே!"

"அரை மணி முன்னாடி போன்ல விளையாடினானாமே சார்?" என்றார் ஓட்டுநர்.

"அதான்... அதுக்கப்புறம் போனான். லேட்டாத்தான் போனான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா! "எதிர்வீட்டுக் கதவைத் தட்டு" என்றேன். தட்டினார். ஒரு பெண் வந்து என்ன என்றாள். இவங்க பையன் எந்த ஸ்கூல் என்று ஓட்டுநர் கேட்டார். அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அவங்களுக்கு ஏதுங்க குழந்தை? கல்யாணம் ஆகி ஆறு வருஷம் ஆகுது, ஒண்ணும் இல்லையே."

அதற்குப் பிறகு எல்லாம் சத்தமாகத்தான் வந்தது. கதவு அடிபடுகிற சத்தம், "வழியை விடுங்க சார்" என்று ஓட்டுநரின் குரல், ஒரு நாற்காலி விழுகிற சத்தம். குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வர வர அருகில் கேட்டது. நான் எழுந்து நின்றிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. ஆமையும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா" என்றார் ஓட்டுநர். மூச்சு வாங்கியது. "சமையல்கட்டுல கிடக்குறாங்க. மண்டையில அடி. கை ஒரு மாதிரி திரும்பிக் கிடக்கு. உயிர் இருக்குக்கா, உயிர் இருக்கு."

அப்படியே நாற்காலியில் விழுந்து வாய்விட்டு அழுதேன். எட்டு மேசையும் திரும்பிப் பார்த்தது.

பிறகு போலீஸ் போயிற்று. அவன் சோபாவில் உட்கார்ந்து, தன் மனைவிக்குக் கால் வழுக்கிவிட்டது என்று அவர்களுக்கும் அதே குரலில் சொன்னானாம். சைக்கிள் கிழவரையும் வண்டி ஏற்றிக்கொண்டது. காலில் கட்டுப் போட்டால் போதுமாம், தப்பித்தேன். மேலதிகாரி என் மேசைக்கு வந்து நின்றார். பதினொரு மணிக்கு என் சொந்த நம்பரிலிருந்து வந்த அழைப்பைப் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அந்த அழைப்பைப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லவேளைம்மா, நீங்க என் பேச்சைக் கேக்கல" என்றார். அறையில் ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்தார்கள். சி.ஐ.டி. அக்கான்னா சும்மாவா என்றார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் நான் காப்பாற்றிய ஒரு முகத்தையாவது பார்த்திருப்பேனா? குரலோடு சரி. இந்த ஒரு முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்வாள் என்ற ஆசையும் இருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன்.

பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரத்துக் கட்டில். மெலிந்த உடம்பு. புருவத்துக்கு மேல் தையல், வலது கை முழங்கைவரை மாவுக்கட்டு. கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அவள் கண் சட்டென்று திறந்தது. என்னைப் பார்க்கவில்லை, முதலில் வாசலைப் பார்த்தாள். இடது கையால் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். யாரோ வந்துவிட்டார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"பயப்படாதே தாயி, அவனைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சு. நான் ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேருந்து வரேன்."

"தெரியும்" என்றாள். "போன்ல பேசற அம்மாதானே? உங்க குரல் எனக்குத் தெரியும்."

"என் குரலா? நீ என்கிட்ட ஒரே ஒரு தடவைதானேம்மா பேசின?"

"ஸ்பீக்கர்ல போட்டுத்தான் உங்ககிட்ட பேசுவார். நான் கேக்கணும்னு." மறுபடி வாசலைப் பார்த்தாள். "பரவாயில்ல சார்னு சொல்வீங்க. ஒரு தடவை சிரிச்சீங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏதோ கடைக்குப் போய்வந்த கதைபோல மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"வீட்டுல ஒரே போன், அவரோடது. சார்ஜ்ல போட்டுட்டு, வெளியே பூட்டிக்கிட்டுக் குப்பை போடக் கீழே போவார். அந்த நாலு நிமிஷத்துலதான் கூப்பிடுவேன். பக்கத்துல யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டுடுவேன். கூப்பிட்டது தெரியாம அழிச்சிட்டு, போனை இருந்த இடத்துலயே வெச்சிடுவேன்."

"ஏம்மா பேசாம வெச்ச? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"மொதல் தடவை அட்ரஸ் சொன்னேனே. அது உங்ககிட்ட இருக்கும்தானே? மணி அடிச்சா வருவீங்கன்னு நினைச்சேன்."

இருந்தது. திரையில் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"நான் கூப்பிட்டது அவருக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றாள். "ஒரு தடவைகூட அவரா கண்டுபிடிச்சதில்லை. அவர் வந்து செருப்பைக் கழட்டுவார், உடனே நீங்க திரும்பக் கூப்பிடுவீங்க." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையில எனக்கு ஒண்ணும் ஆகலை. இதெல்லாம் நீங்க பேசி வெச்சதுக்கு அப்புறம்."

வாழைப்பழப் பை என் மடியிலேயே இருந்தது. 'நான்தான் வண்டி அனுப்பினேன், உனக்காக ஒரு பொய்யே சொன்னேன்' என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

"நாலு தடவையும் நான்தாம்மா" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். என்னைத் திட்டவில்லை. நல்ல கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே யாராவது கூப்பிட்டுப் பேசாம வெச்சா, திரும்பக் கூப்பிடாதீங்கம்மா. நேரா வந்துடுங்க."

"சரிம்மா" என்றேன். நாளைக்குக் காலையிலும் பேசாமல் வைக்கிற நாற்பது அழைப்பு வரும், வண்டி ஆறுதான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.